40 வெள்ளி வாசனை எங்கே போகிறது?

“மலிவான சென்ட் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, சார்.” படிவம் 5 மாணவர்களிடமும், பள்ளியை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பழைய மாணவர்களிடமும் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதற்கு அவர்களே கண்டுபிடித்த தீர்வும் உண்டு: இன்னும் நாலைந்து முறை கூடுதலாக அடித்துக்கொள்வது.

அந்தத் தீர்வின் விளைவை, உடற்கல்விப் பாடம் முடிந்து அடுத்த பாடவேளைக்குள் நுழையும் எந்த ஆசிரியரும் அறிவார். வியர்வையில் நனைந்த சட்டைமேல் ஆளாளுக்கு அடித்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்காருவார்கள். மேலே காற்றாடி சுழலும். ஆஸ்துமா உள்ள மாணவர் சன்னல் பக்கம் நகர்ந்து, பையில் இன்ஹேலரைத் தேடுவார். அடித்துக்கொண்டவரோ, “எனக்கு ஒன்றும் வாசமே வரவில்லையே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வாசனை எங்கே போகிறது? அது பக்கத்தில் இருப்பவரின் மூச்சை முட்டும்போதும் அணிந்தவருக்கு ஏன் தெரிவதில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், 40 வெள்ளி போத்தலைக்கொண்டே நாள் முழுவதும் நேர்த்தியாக இருக்கலாம். அடுத்தவருக்கும் தொல்லை இருக்காது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

வாசனைத் திரவியத்தில் பெரும்பகுதி எத்தனால் என்னும் ஆல்கஹால். அதில் நறுமண எண்ணெய்களும் சிறிதளவு நீரும் கலந்திருக்கும். எத்தனாலின் கொதிநிலை ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ். கொதிக்காமலேயே அது தோலிலிருந்து விரைவாக ஆவியாகிவிடும். அப்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் தெளித்தவுடன் சில்லென்று இருக்கிறது. எத்தனாலின் வேலை நறுமண எண்ணெயைச் சுமந்து வந்து தோலில் மெல்லிய படலமாகப் பரப்புவது. வேலை முடிந்ததும் அது போய்விடும்.

எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் போத்தலில் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் ஓரளவு காட்டும். பொதுவாக, ‘ஓ டு கொலோன்’ என்றால் 2 முதல் 5 விழுக்காடு, ‘ஓ டு டுவாலெட்’ என்றால் 5 முதல் 15 விழுக்காடு, ‘ஓ டு பர்ஃபாம்’ என்றால் 15 முதல் 20 விழுக்காடு. இந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உடலில் அடித்துக்கொள்ளும் ‘பாடி ஸ்பிரே’ வகைகளில் எண்ணெய் இன்னும் குறைவாகவே இருக்கும். ஆகவே வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு இந்தச் சொல்லைப் பாருங்கள். பாடி ஸ்பிரேயை வாங்கிவிட்டு, பர்ஃபாம்போல் மாலைவரை மணக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

மேல் மணம், நடு மணம், அடி மணம்

ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் காற்றில் பறந்து நம் மூக்கை அடைய வேண்டும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. சிறிய, ஒன்றையொன்று வலுவாகப் பிடித்துக்கொள்ளாத மூலக்கூறுகள் முதலில் கிளம்பும். பெரியவை, அல்லது ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை, மெதுவாகக் கிளம்பும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் இருக்கும் லிமோனீனில் 10 கார்பன் அணுக்கள் உள்ளன. அதன் மூலக்கூற்று நிறை 136. பச்சிலை எண்ணெயின் முக்கியப் பொருளான பச்சூலாலில் 15 கார்பன் அணுக்கள், நிறை 222. செயற்கைக் கஸ்தூரிகளில் ஒன்றான கேலக்சோலைடின் நிறை 258. மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் தெளித்தால் லிமோனீன் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். பச்சூலாலும் கேலக்சோலைடும் பல மணி நேரம் நிற்கும்.

இந்த வரிசையை வைத்துத்தான் வாசனை வடிவமைப்பாளர்கள் ஒரு கலவையை மூன்று அடுக்காகக் கட்டுகிறார்கள். தெளித்தவுடன் வருவது மேல் மணம். பெரும்பாலும் எலுமிச்சை வகைகளும் லாவெண்டர் போன்றவையும் இதில் இருக்கும். அடுத்த சில மணி நேரத்துக்கு வருவது நடு மணம். கடைசிவரை தோலோடு ஒட்டிக்கிடப்பது அடி மணம். சந்தனம், வெட்டிவேர், பச்சிலை, கஸ்தூரி எல்லாம் இந்தக் கடைசி அடுக்கைச் சேர்ந்தவை.

வெட்டிவேரும் பச்சிலையும் நமக்குப் பழக்கமான பெயர்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் ‘வெட்டிவர்’ என்ற சொல் தமிழின் வெட்டிவேரிலிருந்து போனது. ‘பச்சூலி’ என்ற பெயருக்கும் மூலம் தமிழே என்று அகராதிகள் கூறுகின்றன. நம் அண்டை நாடான இந்தோனேசியாதான் இன்று பச்சூலி எண்ணெயை அதிகம் தயாரிக்கிறது. மலாய்மொழியில் இச்செடிக்கு ‘நீலாம்’ என்று பெயர். அடுத்த முறை ஆண்களுக்கான வாசனைப் போத்தலின் அட்டையில் இந்தப் பெயர்களைக் கண்டால், கடைசிவரை நிற்கும் மணம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடையில் காகிதத் துண்டில் தெளித்து, உடனே முகர்ந்து, உடனே வாங்குபவர்கள் மேல் மணத்தை மட்டுமே பார்த்து வாங்குகிறார்கள். அரை மணி நேரத்தில் காணாமல் போகும் பகுதி அதுதான். தெளித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து வாங்குபவரே நாள் முழுவதும் தம்மோடு இருக்கப்போகும் மணத்தை அறிந்து வாங்குகிறார்.

மலிவு என்றால் மட்டமா?

1868இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கூமரின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 18 வயதில் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த அதே பெர்கின்தான். அதுவரை கூமரின் டோங்கா விதை போன்ற தாவரப் பொருள்களிலிருந்தே கிடைத்து வந்தது. காய்ந்த புல்லும் வெனிலாவும் கலந்தாற்போன்ற இனிய மணம் அதற்கு. 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் செயற்கைக் கூமரினைச் சேர்த்து ‘ஃபூஜேர் ரோயால்’ என்ற வாசனையை வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச்செடி. லாவெண்டர், கூமரின், ஓக் மரப்பாசி ஆகிய மூன்றின் கூட்டணியான அந்தப் பாணி இன்றுவரை ஆண்கள் வாசனையின் ஒரு பெருங்குடும்பமாக இருக்கிறது. மருந்தகங்களிலும் மளிகை அங்காடிகளிலும் நம் தந்தையர் காலம் முதல் விற்கப்படும் பச்சைப் போத்தல் ‘புரூட்’ (1964) அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கஸ்தூரியின் கதையும் இப்படித்தான். இயற்கைக் கஸ்தூரி என்பது ஆண் கஸ்தூரி மானின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவது. அதற்காக மான்கள் கொல்லப்பட்டன. கஸ்தூரி மணத்தைத் தரும் மூலக்கூறுகளின் வளைய அமைப்பை 1920களில் விளக்கிய லியோபோல்ட் ருசிச்கா 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று கடைகளில் நாம் வாங்கும் வாசனைகளில் கஸ்தூரி மணம் தருபவை செயற்கைப் பொருள்களே.

ஆகவே, மலிவான வாசனையிலும் விலை உயர்ந்த வாசனையிலும் ஒரே வகைச் செயற்கை மூலக்கூறுகள் பல இருக்கின்றன. வேறுபாடு எங்கே? எண்ணெயின் விழுக்காட்டில் இருக்கலாம். விலை கூடிய இயற்கை எண்ணெய்களைச் சேர்ப்பதில் இருக்கலாம். கலவையின் நேர்த்தியில் இருக்கலாம். போத்தல், விளம்பரம், பெயர் ஆகியவற்றுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். விலை குறைவு என்பதாலேயே அது மோசமானது என்று வேதியியல் சொல்லவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லும் மூக்கு

மனிதனின் மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் வேலை செய்கின்றன. இவற்றை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் வெளிப்படுத்தினார்கள். 2004இல் மருத்துவ நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த உணர்விகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அவை மெல்ல மெல்லப் பதில் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மூளையும் ‘இது பழைய செய்தி’ என்று ஒதுக்கிவிடும். இதற்குப் பெயர் மணத் தகவமைவு. ஆபத்தைக் காட்டும் புதிய மணத்தை, புகையையோ கெட்டுப்போன உணவையோ, உடனே பிடிப்பதற்கு உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. உறவினர் வீட்டுக்குள் நுழையும்போது வரும் வாசம் சற்று நேரத்தில் மறைந்துபோவதும், டுரியான் வைத்த காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பழகிப்போவதும் இதனால்தான்.

கழுத்தில் தெளித்த வாசனை உங்கள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்த மணத்தை உங்கள் மூக்கு சில நிமிடங்களிலேயே ஒதுக்கத் தொடங்கிவிடும். அப்போது ‘வாசம் போய்விட்டது’ என்று நினைத்து மறுபடியும் தெளிக்கிறீர்கள். மின்தூக்கியில் புதிதாக ஏறுபவருக்கோ முதல் தெளிப்பும் இரண்டாம் தெளிப்பும் சேர்ந்தே அடிக்கிறது. இதற்கு மேல், சில கஸ்தூரி மூலக்கூறுகளை முகரவே முடியாத மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். மற்ற மணங்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த ஒன்று மட்டும் தெரியாது.

ஆகவே உங்கள் வாசனையைப் பற்றிச் சாட்சி சொல்ல உங்கள் மூக்குக்குத் தகுதி இல்லை. வீட்டில் அக்காவிடமோ அம்மாவிடமோ, ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கை நீளத் தூரத்தில் நின்று கேளுங்கள். அந்தத் தூரத்தில் மெல்லத் தெரிந்தால் போதும். அறைக்குள் நுழையும் முன்பே தெரிந்தால் அது அதிகம்.

வியர்வைக்கு மேல் தெளித்தால்?

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. உடல் முழுவதும் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அக்குளில் உள்ள வேறு வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைத் தருகின்றன. பருவ வயதில்தான் அவை வேலை செய்யத் தொடங்குகின்றன. அந்தத் திரவத்தைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் துர்நாற்றம் பிறக்கிறது. அதில் கந்தகம் கொண்ட சேர்மங்களும் உண்டு. மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு அவற்றைப் பிடித்துவிடும்.

வாசனைத் திரவியம் அந்தச் சேர்மங்களைக் கழுவி அகற்றுவதில்லை. வாடைக்கு மேல் இன்னொரு மணம் ஏறுகிறது, அவ்வளவுதான். மேல் மணம் பறந்தவுடன் பழைய வாடை திரும்பிவிடும். இதைத்தான் பலர் ‘மலிவான சென்ட் தாங்கவில்லை’ என்கிறார்கள்.

முறையான வரிசை இது: சவர்க்காரம் போட்டு அக்குளைக் கழுவுதல், நன்றாகத் துடைத்தல், தேவைப்பட்டால் வாடை நீக்கியோ வியர்வைத் தடுப்பானோ பூசுதல், துவைத்த சட்டை, கடைசியில் வாசனை. வாடை நீக்கி பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும். வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைத் துவாரங்களைத் தற்காலிகமாக அடைக்கும். வாசனை இவற்றுள் எதையும் செய்யாது. பருவ வயதில் உடல்வாடை வருவது இயற்கை. அதற்காக யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நம் வெயிலில் அணிவது எப்படி?

வெப்பநிலை 10 பாகை கூடினால் பல நறுமணப் பொருள்களின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். 22 பாகைக் குளிர்சாதன அலுவலகத்தில் சட்டையில் அடங்கிக்கிடக்கும் மணம், மதிய உணவுக்கு 33 பாகை வெயிலில் இறங்கும்போது எழும்பும். குளிர் அறையில் போதவில்லை என்று கூடுதலாக அடித்தவர், வெளியே வந்ததும் நடமாடும் வாசனைக் கடையாகிவிடுகிறார். நம் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வழிந்து ஓடி, தோலில் உள்ள வாசனைப் படலத்தையும் ஓரளவு கொண்டுபோய்விடும்.

ஆகவே சில எளிய வழிகள்:

குளித்துத் துடைத்த தோலில், சட்டை போடும் முன்பு, நெஞ்சில் ஒன்று அல்லது இரண்டு தெளிப்பு. சட்டைக்கு அடியில் அது மெதுவாக வெளிவரும். கழுத்தைவிட மூக்குக்குத் தூரம் என்பதால் உங்கள் மூக்கும் சீக்கிரம் சோர்ந்துபோகாது.

வறண்ட தோலில் வாசனை விரைவில் மறையும். நறுமண மூலக்கூறுகள் எண்ணெயில் கரைபவை. தெளிக்கும் இடத்தில் முதலில் மணமற்ற களிம்பைச் சிறிது பூசினால் அது அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துணியில் வாசனை தோலைவிட நீண்ட நேரம் நிற்கும். ஆனால் வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் கறை விழலாம். உட்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

மணிக்கட்டுகளைத் தேய்த்தால் ‘மூலக்கூறுகள் நசுங்கிவிடும்’ என்று சொல்வார்கள். கைத்தேய்ப்பு மூலக்கூற்றை உடைக்காது. தேய்க்கும்போது எழும் சூட்டில் மேல் மணம் சற்று விரைவாகப் பறக்கும், அவ்வளவே.

கணக்கும் பார்ப்போம். ஒரு தெளிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர் என்று கொண்டால், 100 மில்லிலிட்டர் போத்தலில் 1,000 தெளிப்புகள். விலை 40 வெள்ளி என்றால் ஒரு தெளிப்பு 4 காசு. நாளுக்கு 4 தெளிப்பு என்றால் 16 காசு. போத்தல் 250 நாள் வரும். நாளுக்கு 12 தெளிப்பு என்றால் 83 நாளில் தீர்ந்துவிடும். முதல் சம்பளத்தில் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

கவனிக்க வேண்டியவை

தீ: எத்தனால் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். சாமி அறை விளக்கின் அருகிலோ, எரியும் அடுப்பின் பக்கத்திலோ, சிகரெட் பற்றவைக்கும் நேரத்திலோ தெளிக்கக் கூடாது. அழுத்தம் ஏற்றிய தெளிப்பான்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். 50 பாகைக்கு மேல் சூடானால் அவை வெடிக்கும் அபாயம் உண்டு.

தோல்: லிமோனீனும் லினலூலும் காற்றோடு வினைபுரிந்து பழையதாகும்போது, சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. மூடியை இறுக்கி, குளிர்ந்த இருண்ட அலமாரியில் வையுங்கள். குளியலறையும் சன்னலோரமும் ஏற்ற இடங்கள் அல்ல. அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

போலி: சொந்தப் பெயரில் வரும் மலிவான வாசனை வேறு; புகழ்பெற்ற பெயரைத் திருடி ஒட்டிய போலி வேறு. போலிக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்பதில்லை. மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களை விற்கும் முன் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்க வேண்டும். முகமையின் இணையத் தேடலில் பொருளின் பெயரைச் சரிபார்க்கலாம்.

மூச்சு: வாசனைப் பொருள்கள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிரைப்பையும், வேறு சிலருக்கு ஒற்றைத் தலைவலியையும் தூண்டக்கூடும். வகுப்பறை, பேருந்து, எல்.ஆர்.டி. போன்ற மூடிய இடங்களுக்குள் தெளிக்காதீர்கள். மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும் நாளில் வாசனையே வேண்டாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: எலுமிச்சைத் தோல், பூசைப் பொருள் கடையில் கிடைக்கும் வெட்டிவேர் சிறிது, வெள்ளைக் காகிதத் துண்டுகள் மூன்று, உங்கள் வாசனைப் போத்தல்.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்து, தெறிக்கும் சாற்றை முதல் துண்டில் பிடியுங்கள். இரண்டாம் துண்டில் வாசனையை ஒரு முறை தெளியுங்கள். மூன்றாம் துண்டில் வெட்டிவேரைச் சற்று நனைத்துக் கசக்கித் தேயுங்கள். மூன்றையும் தள்ளித் தள்ளி வையுங்கள். 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 6 மணி நேரம் கழித்து ஒவ்வொன்றையும் முகர்ந்து, மணத்தின் வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள். அந்த அறையிலேயே இருந்த ஒருவரும், வெளியிலிருந்து அப்போதுதான் வந்த ஒருவரும் தனித்தனியாக மதிப்பெண் தர வேண்டும். ஒருவர் கொடுத்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இரண்டு பட்டியல்களையும் வரைபடமாக வரையுங்கள்.

சிந்திக்க

1. மூன்று காகிதங்களில் எந்த மணம் முதலில் மறைந்தது? மூலக்கூற்றின் அளவோடு அதைத் தொடர்புபடுத்தி விளக்குக.

2. அறைக்குள் இருந்தவரின் மதிப்பெண்ணும் வெளியிலிருந்து வந்தவரின் மதிப்பெண்ணும் ஏன் வேறுபடுகின்றன? ‘எனக்கு வாசமே வரவில்லை’ என்று மறுபடியும் தெளிக்கப்போகும் நண்பரிடம் எந்தப் பட்டியலைக் காட்டுவீர்கள்?

3. இதே சோதனையைக் குளிர்சாதன அறையில் செய்தால் வரைபடத்தின் வடிவம் எப்படி மாறும்? முதலில் ஊகித்து எழுதிவிட்டு, செய்து பாருங்கள்.